ஜேஇஇ ரிசல்ட்டைப் பார்த்துப் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம்



ஜனவரி ஜேஇஇ மெயின் ரிசல்ட் வந்து, ஏப்ரல் தேர்வு எதிரே நிற்கிற நேரம் இது. வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளமான பதிவுதான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

"டாக்டருக்கு இன்ஜினியரிங் தேர்வில் என்ன வேலை?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி.

நான் எம்பிபிஎஸ் முடித்து அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பவன். ப்ளஸ் டூ மார்க்கை வைத்துக் கட்-ஆஃப் போட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போன தலைமுறை. ஜேஇஇ எழுதியதே கிடையாது. ஆனால் ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி, மார்ச்சில் எங்கள் ஓ.பி.க்குப் பதினேழு வயதுப் பிள்ளைகள் வருவார்கள். தலைவலி, நெஞ்சு படபடப்பு, வயிற்றுவலி, தூக்கம் வரவில்லை. ஈசிஜி எடுத்தால் நார்மல். ரத்தப் பரிசோதனை நார்மல்.

கூட வந்த அப்பா ஓரமாக என்னைக் கூப்பிட்டுச் சொல்வார்: "89 தான் சார் எடுத்திருக்கான். மீதி 11 மார்க் எங்கடா போச்சுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறான்."

அந்த 89 மார்க்கே இல்லீங்க. அது பர்சென்டைல்.

இந்த ஒரு வார்த்தை புரியாததால் மட்டும் எத்தனை வீடுகளில் சோறு இறங்காமல் போகிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

பர்சென்டைல் என்றால் என்ன?

எங்களுக்கு இது பழகிய சமாச்சாரம். குழந்தைகள் பிரிவில் வளர்ச்சி அட்டை என்று ஒன்று வைத்திருப்போம். உங்கள் இரண்டு வயதுக் குழந்தையின் எடை 25-வது பர்சென்டைலில் இருக்கிறது என்றால், அதே வயது, அதே பாலினக் குழந்தைகள் நூறு பேரை எடை வாரியாக நிற்க வைத்தால் இவனைவிட எடை குறைந்தவர்கள் சுமார் 25 பேர் என்று அர்த்தம். அவ்வளவுதான். அது நோய் இல்லை. "25 தானா? பாஸ் மார்க்கே 35 ஆச்சே டாக்டர்" என்று என்னிடம் கேட்ட அம்மாக்கள் உண்டு.

ஜேஇஇ-யிலும் இதே கதைதான். 89 பர்சென்டைல் என்றால், உங்கள் பையன் எழுதிய ஷிஃப்டில் நூற்றுக்கு 89 பேர் அவனுக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்திருக்கிறார்கள். அது வரிசையில் அவன் நிற்கும் இடம். 300-க்கு எத்தனை மார்க் எடுத்தான் என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது.

2025-ல் இரண்டு அமர்வையும் சேர்த்து எழுதியவர்கள் சுமார் 14.75 லட்சம் பேர். அந்தக் கூட்டத்தில் 89 என்றால் ஏறத்தாழ 13 லட்சம் பேர் பின்னால், 1.6 லட்சம் பேர் முன்னால். அப்பா தேடிக்கொண்டிருந்த "11 மார்க்" உண்மையில் அந்த 1.6 லட்சம் மனிதர்கள். பையனிடம் கேட்டால் அவன் எங்கே போய்க் கொண்டு வருவான்?

அப்போ ஏன் மார்க்கையே கொடுக்காமல் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள்?

நீட் ஒரே நாளில், ஒரே நேரத்தில் பேப்பரில் எழுதும் தேர்வு. ஜேஇஇ மெயின் அப்படியில்லை. கம்ப்யூட்டரில், பல நாட்கள், காலை 9 முதல் 12, மாலை 3 முதல் 6 என்று பல ஷிஃப்டுகளாக நடக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் வேறு வேறு வினாத்தாள். ஒன்று கடினமாக இருக்கும், ஒன்று லேசாக இருக்கும். அதனால் அந்தந்த ஷிஃப்டுக்குள் யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று மட்டும் கணக்குப் போட்டு, அதை ஒன்றாகச் சேர்க்கிறது தேசியத் தேர்வு முகமை.

உங்கள் ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்துப் பாருங்கள். இரண்டு எண் வரலாம். நாங்கள் எண்ணை மட்டும் பார்த்து மருந்து எழுதுவதில்லை. பக்கத்தில் அந்த லேப் போட்டிருக்கும் நார்மல் அளவையும் சேர்த்துத்தான் படிப்போம். அதனால் "பக்கத்து வீட்டுப் பொண்ணு 160 எடுத்து 98, நீயும் 160 எடுத்து 97, எப்படி?" என்ற விசாரணைக் கமிஷனை வீட்டில் வைக்காதீர்கள். இரண்டு பேரும் எழுதியது வேறு வேறு ஷிஃப்டாக இருக்கலாம்.

இன்னொன்று. மூன்று பாட பர்சென்டைலையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மொத்த பர்சென்டைல் வராது. வரவில்லையே என்று யாரும் பதற வேண்டாம்.

கட்-ஆஃப் விஷயத்துக்கு வருவோம். ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதத் தகுதி பெறுவதற்கான பொதுப் பிரிவு கட்-ஆஃப் 2021-ல் 87.9. 2022-ல் 88.4. 2023-ல் 90.8. 2024-ல் 93.2. 2025-ல் 93.1.

இதைப் பார்த்துவிட்டு "வருஷா வருஷம் பசங்க அறிவாளி ஆகிக்கிட்டே போறாங்க, நம்ம பையன் மட்டும்தான்..." என்று ஆரம்பிக்காதீர்கள். 2022-ல் எழுதியவர்கள் சுமார் 9 லட்சம் பேர். 2025-ல் 14.75 லட்சம். அட்வான்ஸ்டுக்கு அனுப்பப்படுவதோ எப்போதும் சுமார் 2.5 லட்சம் பேர்தான். வரிசை நீளமாகிவிட்டது, கதவு அதே அகலம். கட்-ஆஃப் ஏறாமல் என்ன செய்யும்?

அந்த 2.5 லட்சம் பேர் போட்டி போடுவது 23 ஐஐடிகளில் இருக்கும் 18 ஆயிரத்தை ஒட்டிய இடங்களுக்கு. இதையும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் ஒருமுறை மனதில் ஓட விடுங்கள்.

பெரிய பெரிய போர்டுகளில் "எங்கள் மாணவர் 100 பர்சென்டைல்" என்று பார்க்கிறோமே, அது 300-க்கு 300 இல்லை. தன் ஷிஃப்டில் முதலிடம் என்று அர்த்தம். 2024-ல் 56 பேருக்கு 100 கிடைத்தது. 2025-ல் 24 பேருக்கு.

அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறை சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் போர்டை வைத்த கோச்சிங் சென்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு புது மருந்தைக் கொண்டுவந்து "பத்துப் பேருக்குக் குணமாயிடுச்சு டாக்டர்" என்று ஒரு ரெப் சொன்னால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேருக்குக் கொடுத்ததில் பத்துப் பேர்?" அதையே கேளுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள்? எத்தனை பேர் பாதியில் போனார்கள்? மீதிப் பேர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? போட்டோ போட்ட பையன் உங்களிடம் இரண்டு வருடம் படித்தவனா, கடைசி மாதம் டெஸ்ட் மட்டும் எழுத வந்தவனா? கோச்சிங் விளம்பரங்கள் மக்களை ஏமாற்றக் கூடாது என்று 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே தனியாக வழிகாட்டுதல் போட வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

அதே போல அந்த சென்டர் நடத்தும் மாதிரித் தேர்வில் "உங்க பொண்ணு 62 பர்சென்டைல்" என்று மெசேஜ் வந்தால், அது அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குள் இருக்கும் வரிசை. நாட்டின் வரிசை இல்லை. வடிகட்டிச் சேர்த்த பிள்ளைகள் நடுவில் 62 என்பதும், 14 லட்சம் பேர் நடுவில் 62 என்பதும் ஒன்றா?

சரி. இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

மார்க் என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் நோய் இல்லை, அறிகுறி.

101 டிகிரி காய்ச்சலோடு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவருக்கு டெங்கு, இன்னொருவருக்கு டைபாய்டு. தெர்மாமீட்டர் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் நான் டாக்டரே இல்லை.

இப்போது ஜேஇஇ மெயினுக்கு வாருங்கள். 2025 முதல் மொத்தம் 75 கேள்விகள், 300 மார்க். பாடத்துக்கு 25, அதில் 20 நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்வது, 5 விடையை எண்ணாகப் போடுவது. சரியானால் 4, தப்பானால் மைனஸ் 1, விட்டுவிட்டால் பூஜ்யம்.

ஒரு பையன் 45 கேள்வி போடுகிறான். 35 சரி, 10 தப்பு. 140-ல் 10 போனால் 130.

இன்னொரு பையன் 60 கேள்வி போடுகிறான். 38 சரி, 22 தப்பு. 152-ல் 22 போனால் அதே 130.

முதல் பையனுக்கு வேகம் போதவில்லை, அல்லது பயம்; 30 கேள்வியைத் தொடவே இல்லை. இரண்டாவது பையனுக்கு வேகம் இருக்கிறது, ஆனால் அவசரக் குடுக்கை. இரண்டு பேர் வீட்டிலும் நடப்பது என்ன? "130 தானா? இன்னும் ரெண்டு மணி நேரம் சேர்த்துப் படி." இரண்டாவது பையன் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துப் படித்தால், தூக்கம் கெட்டு, இன்னும் நாலு தப்பு சேர்த்துப் போடுவான்.

இந்த வித்தியாசம் எங்கே தெரியும்? ஸ்கோர் கார்டில் தெரியாது. அதில் பர்சென்டைல் மட்டும்தான் இருக்கும். தெரிவது ரெஸ்பான்ஸ் ஷீட்டில். எந்தக் கேள்விக்கு எதைத் தேர்வு செய்தான், எதை விட்டான் என்று அத்தனையும் அதில் இருக்கும். விடைக்குறிப்போடு சேர்த்துச் சில நாட்கள்தான் இணையதளத்தில் திறந்து வைப்பார்கள். அந்த நேரத்திலேயே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுதான் உண்மையான லேப் ரிப்போர்ட்.

எங்கள் மருத்துவமனையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரின் மகள் ஜனவரியில் எழுதினாள். ரிசல்ட் வந்த மறுநாள் அண்ணன் முகமே சரியில்லை. என்னண்ணே என்றால், நகையை அடகு வைத்து ஏதோ ஒரு க்ராஷ் கோர்ஸில் சேர்க்கப் போவதாகச் சொன்னார். கோர்ஸ் விளம்பரத்தில் "முழு சிலபஸும் 45 நாளில்" என்று போட்டிருந்தது. சேர்ப்பதற்கு முன் ரெஸ்பான்ஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை அழைத்து வாங்கண்ணே என்றேன்.

58 கேள்வி போட்டிருந்தாள். 33 சரி, 25 தப்பு. 132-ல் 25 போக 107.

நான் ஃபிசிக்ஸ் மறந்து பல வருடம் ஆகிறது. அதனால் சொல்லித் தரவெல்லாம் இல்லை. அந்த 25 தப்பான கேள்விகளை மட்டும் விடையில்லாமல் கொடுத்து, வெள்ளைத் தாளில் நிதானமாகத் திரும்பப் போடச் சொன்னேன். அவ்வளவுதான் என் வேலை. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

11 கேள்விகளைத் தானாகவே சரியாகப் போட்டுவிட்டாள்.

அந்தப் பதினொன்றில் 4, கேள்வியைத் தப்பாகப் படித்தது. "தவறான கூற்று எது" என்று கேட்டிருப்பான், இவள் சரியான கூற்றைத் தேர்வு செய்திருப்பாள். மீதி 7, ப்ளஸ் மைனஸ் மாறியது, யூனிட் மாற்ற மறந்தது, கூட்டல் பிழை. இந்தப் பதினொன்றுக்கும் புதிதாக ஒரு பாடமும் படிக்க வேண்டியதில்லை.

அடுத்த 8 உண்மையிலேயே தெரியாதவை. அதிலும் 5 இரண்டே பாடங்களிலிருந்து வந்தவை. மிச்சம் 6, கடைசிச் சில நிமிடங்களில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியது.

விட்டுவிட்ட 17 கேள்விகளையும் பார்த்தோம். அதில் 11 வேதியியல். ஏன்? கணக்கை முதலில் எடுத்து 80 நிமிடம் அதிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஃபிசிக்ஸ் முடிந்து வேதியியலுக்கு வரும்போது அரை மணி நேரம்தான் இருந்திருக்கிறது. தொடாமல் விட்ட அந்தப் பதினொன்றில் 6, பாடப் புத்தகத்தில் இருப்பதை நேராகக் கேட்ட கேள்விகள். "இது எனக்குத் தெரியுமே அங்கிள்" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது.

கணக்குப் பாருங்கள். ஒரு தப்பு சரியானால் லாபம் 4 இல்லை, 5. போகிற மைனஸும் திரும்ப வருகிறது. 11 தப்புக்கு 55. தொடாத 6-க்கு 24. ஆக 79 மார்க். எல்லாமே திரும்பி வராது, மனிதப் பிள்ளைதானே. பாதி வந்தாலே 40 மார்க். புதிதாக ஒரு பாடம் படிக்காமல்.

அந்த அண்ணன் சேர்க்க நினைத்த கோர்ஸ் இந்த நோய்க்கான மருந்தே இல்லை. முழு சிலபஸையும் 45 நாளில் திரும்ப ஓட்டினால், தெரிந்த பாடத்தையே திரும்பக் கேட்டுவிட்டு, கேள்வியைத் தப்பாகப் படிக்கும் பழக்கத்தோடு ஏப்ரலுக்குப் போவாள்.

இப்போது அவள் செய்வது: வேதியியல் முதலில். ஒரு கேள்விக்கு சராசரியாக 2 நிமிடம் 24 நொடிதான் கிடைக்கும் என்பதால், மூன்று நிமிடத்தில் பாதை தெரியாத கேள்வியைக் குறித்து வைத்துவிட்டு நகர்வது. "தவறான", "அல்லாத" போன்ற வார்த்தைகளைச் சுற்றுத்தாளில் ஒரு முறை எழுதிவிட்டு விடையைத் தேடுவது. தெரியாத அந்த இரண்டு பாடத்தை மட்டும் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுப் படிப்பது. ஏப்ரலில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளில், தப்பாகப் படித்ததால் போன கேள்வி நாலிலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கிறது. நகை அண்ணியின் கழுத்திலேயே இருக்கிறது.

இதை எந்த வீட்டிலும் செய்யலாம். ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் ஒரு பக்கம். எங்கள் கேஸ் ஷீட் மாதிரி. போன கேள்வி ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒரே வார்த்தையில்: தெரியாது, கணக்குப் பிழை, தப்பாகப் படித்தேன், நேரமில்லை, குத்துமதிப்பு. மொத்த மார்க்கைப் பக்கத்தின் மூலையில் சின்னதாக எழுதினால் போதும். மூன்று மணி நேரம் தேர்வு எழுதினால் அதை அலச இன்னொரு மூன்று மணி நேரம் வேண்டும். அது முடியாவிட்டால் அடுத்த மாதிரித் தேர்வை எழுதவே வேண்டாம். தினம் ஒரு மாதிரித் தேர்வு எழுதுவது, காய்ச்சல்காரருக்கு மருந்தே கொடுக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைப்பது போல.

மாதிரித் தேர்வுக்குக் காசு கட்ட வேண்டும் என்றும் இல்லை. தேசியத் தேர்வு முகமையின் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. பழைய வினாத்தாள்களும் கிடைக்கும். ஆனால் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து எழுதாதீர்கள். உண்மைத் தேர்வு காலை 9 அல்லது மாலை 3. அந்த நேரத்தில் எழுதினால்தான் உடம்பு பழகும். மதியச் சாப்பாடு முடிந்து 3 மணிக்குத் தூக்கம் வருகிற பிள்ளைக்கு, அதைத் தேர்வு அன்று கண்டுபிடிப்பதைவிட இப்போதே கண்டுபிடிப்பது நல்லது.

"மைனஸ் மார்க் இருக்கு, தெரியாததைத் தொடாதே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். இது பாதிதான் உண்மை. நாலு ஆப்ஷனில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், சராசரியாக நாலு கேள்விக்கு ஒன்று சரி, மூன்று தப்பு. 4-ல் 3 போனால் 1. அதாவது நஷ்டம் இல்லை, நாலு கேள்விக்கு ஒரு மார்க் லாபம். இரண்டு ஆப்ஷனை உறுதியாக ஒதுக்க முடிந்தால், இரண்டு கேள்விக்கு 3 மார்க் லாபம். அதை விடுவது முட்டாள்தனம்.

ஆனால் சராசரி என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பத்துக் கேள்வியைக் குருட்டாம்போக்கில் போட்டால், நாலில் ஒரு வாய்ப்பு கைமுதல் போய் மைனஸில் முடியும். எண்ணாக விடை போட வேண்டிய கேள்விகளில் குத்துமதிப்பு சுத்தமாக வேண்டாம். அங்கே மைனஸும் உண்டு, அதிர்ஷ்டத்துக்கு ஆப்ஷனும் இல்லை.

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தூக்கம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். படித்தது மூளையில் பதிவதே தூக்கத்தில்தான். ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டுப் பதினாறு மணி நேரம் படிப்பவன், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறான். இரவு பத்து மணிக்குக் குடிக்கும் காபியில் இருக்கும் கஃபீனில் பாதி, ஏறத்தாழ மூன்று மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். எனர்ஜி டிரிங்க் டப்பாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. படபடப்பு என்று வரும் பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

ரத்தசோகை. "உட்கார்ந்தா தூங்கி வழியுறா, சோம்பேறி" என்று திட்டுவதற்கு முன் பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள், காசு கிடையாது. அப்படியே கண் பரிசோதனையும். திரையில் கேள்வியைத் தப்பாகப் படிக்கும் பிள்ளைக்குச் சில நேரம் தேவை அறிவுரை இல்லை, கண்ணாடி.

ஞாபக சக்தி டானிக் என்று எதுவும் இல்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

கை நடுக்கம் நிற்க, படபடப்பு அடங்க என்று யாரோ சொன்னார்கள் என்று ப்ரோப்ரனலால் மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்குகிறார்கள். அது இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்க்காமல் தொடாதீர்கள்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்பக் கோபப்படுத்துகிறது. மாதிரித் தேர்வு ரேங்க் பட்டியலைப் பெயரோடு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. சுவரில் ஒட்டுவது. ரேங்க் வாரியாக உட்கார வைப்பது.

நான் ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனையை வார்டு வாசலில் ஒட்டினால் என்னைச் சும்மா விடுவீங்களா?

கோச்சிங் சென்டர்களுக்காக 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் கொடுத்த வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது. உள் தேர்வு முடிவுகளை வெளியிடக் கூடாது. பின்தங்கும் பிள்ளைக்கு ஆலோசனை தர மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழ் சேர்க்கக் கூடாது, ரேங்க் உத்தரவாதம் தரக் கூடாது, நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை என்றெல்லாம் அதில் இருக்கிறது. எத்தனை இடத்தில் நடக்கிறது? பட்டியல் குரூப்பில் வந்தால் அட்மினுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். நாலு பெற்றோர் கேட்டால் நிறுத்துவார்கள்.

"அட்வான்ஸ்டு வரலைன்னா ஒரு வருஷம் டிராப் போடலாமா டாக்டர்?" இதையும் நிறையப் பேர் கேட்கிறீங்க.

அந்த நோட்டைப் பாருங்கள். போன மார்க்கில் பெரும்பகுதி "தெரியாது" என்றால், பிள்ளைக்கே விருப்பமும் இருந்தால், ஒரு வருடம் பயன் தரலாம். பெரும்பகுதி கணக்குப் பிழை, பதற்றம், நேரமின்மை என்றால் அதே பாடத்தை இன்னொரு வருடம் ஓட்டுவதால் அது சரியாகாது. பிள்ளை "வேண்டாம்" என்று சொன்னால் அங்கேயே பேச்சு முடிந்தது.

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படிக்க ஜேஇஇ எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. நுழைவுத் தேர்வை ரத்து செய்து இத்தனை வருடம் ஆகிறது. கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குப் போகலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. திருச்சி என்ஐடி கனவு இருந்தாலும் ப்ளஸ் டூ-வில் 75 சதவீதம் வேண்டும், அல்லது உங்கள் போர்டில் முதல் 20 பர்சென்டைலில் இருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 65 சதவீதம். அதனால் மார்ச்சில் ஏப்ரலை நினைத்துப் போர்டு தேர்வைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை.

இரண்டு அமர்வில் எது அதிகமோ அதைத்தான் ரேங்குக்கு எடுப்பார்கள். ஏப்ரலில் குறைந்தால் ஜனவரி மார்க் பறிபோகாது. அதனால் ஏப்ரலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

தூக்கமே இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால் அது சோம்பேறித்தனமோ நடிப்போ இல்லை. அது எங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம். 104-க்குக் கூப்பிடுங்கள். டெலி மனாஸ் எண் 14416, எந்த நேரமும், இலவசம், தமிழிலேயே பேசலாம். அருகில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேரிலும் வரலாம். பெற்றோர்களே, கலகலப்பாக இருந்த பிள்ளை பேசாமல் போய்விட்டால், தன் பொருளையெல்லாம் அடுத்தவருக்குக் கொடுக்க ஆரம்பித்தால், "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று சொன்னால், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அழைத்து வாருங்கள்.

நோட்டு போடுவதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். இன்று எனக்கு நைட் டூட்டி. காலையில் பதில் போடுகிறேன்.